கதைக்கும் பாடபேதம் உண்டு

முதுகலை முடிக்கப்போகும் ஒரு மாணவி போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "புராணம், தேவதைக் கதை, டிஸ்டோபியா, இந்த மூன்றும் சமூகத்தை உருவாக்குகின்றனவா, இல்லை இருக்கிற சமூகத்தைக் காட்டுகின்றனவா? சென்னையில் இருந்துகொண்டு இதற்கு எங்கே போய்ப் பதில் தேடுவது?" ஆய்வேட்டுக்கான கேள்வி. டிஸ்டோபியா என்றால் கெட்டுப்போன வருங்காலத்தைச் சொல்லும் கதை. இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இருபத்தாறு வருடம் இந்த ஊரில் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வருடங்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உருவாக்குகிறதா, காட்டுகிறதா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் கையில் ஒன்றும் நிற்காது. நான் வேறு ஒரு வழி சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் திருவல்லிக்கேணி வீட்டில் உட்கார்ந்து ஏடுகளை ஒப்பிட்டபோது, ஒரே பாட்டு இரண்டு ஏட்டில் வேறு வேறாக இருந்தால் அதைப் பாடபேதம் என்று குறித்துவைத்தார். அதே வேலையைக் கதைக்கும் செய்யுங்கள். ஒரே கதையை இரண்டு காலத்தில், இரண்டு வாயிலிருந்து கேளுங்கள். எந்த இடத்தில் கதை மாறியிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் சமூகத்துக்கு எங்கோ வலித்திருக்கிறது. மாற்றிச் சொன்ன கதை பரவிய பிறகு ஊரில் என்ன நடந்தது என்றும் தேடுங்கள். கேள்வியின் இரண்டு பாதிக்கும் அங்கே பதில் கிடைக்கும்.

நந்தனார் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் நம் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். அவர் சொல்லும் திருநாளைப்போவார், அதாவது நந்தனார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பது அவர் தொண்டு. திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகுகிறது. தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு நாள் போகிறார். ஊர் எல்லையிலேயே நின்றுவிடுகிறார். இறைவன் கனவில் சொன்னபடி தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து உள்ளே போகிறார். அவ்வளவுதான். அவரைப் போகவிடாமல் தடுக்கும் பண்ணையார் ஒருவர்கூடச் சேக்கிழாரிடம் கிடையாது.

பண்ணையார் எப்போது வருகிறார்? எழுநூறு வருடம் கழித்து. கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைதான் 'வேதியர்' என்ற நிலச்சொந்தக்காரரைக் கதைக்குள் கொண்டுவந்தது. சிதம்பரம் போக உத்தரவு வேண்டுமா, நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியில் அறுத்து முடி என்கிறார் வேதியர். சிவகணங்கள் வந்து முடித்துக் கொடுக்கின்றன. பாரதியார் வாழ்ந்தது தஞ்சைச் சீமையில். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்கு எதிரான சட்டம் 1843இல் வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்த பூமி அது. அவர் கண்ணால் பார்த்த பண்ணை அவர் பாடிய புராணத்துக்குள் நுழைந்துவிட்டது. 1861 வாக்கில் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் உதவியோடு அச்சில் வந்தது. அதன்பின் கதாகாலட்சேபம், மேடை நாடகம், சினிமா என்று எல்லாவற்றிலும் பாரதியாரின் நந்தன்தான் வாழ்ந்தான். இன்று நந்தனார் என்றதும் நம் மனதில் வருவது சிதம்பரம் போகக் கைகட்டி உத்தரவு கேட்கும் கூலியாள். சேக்கிழாரின் தொண்டரை யாரும் நினைப்பதில்லை.

இதுவரை சமூகம் கதையை மாற்றியதைச் சொன்னேன். இனி கதை சமூகத்தை என்ன செய்தது என்று பாருங்கள். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் நந்தனார். தில்லை எல்லையிலேயே நிற்கவைக்கப்பட்டவரின் பெயர் அதே ஊரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஏறியது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டங்கள் 1939இலும் 1947இலும் வந்தன. சட்டம் கதையால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் போராட்டம் வேண்டியிருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு பாடிய பாட்டு, "அவர் ஏன் வெளியே நிற்க வேண்டும்" என்ற கேள்வியைக் கோயிலுக்குள் நின்றவர்களின் காதிலும் போட்டுவைத்திருந்தது. அதோடு கதை முடியவும் இல்லை. எழுபதுகளுக்குப் பிறகு பிறந்த தலைமுறை வகுப்பில் எழுந்து கேட்கும்: "உள்ளே போக அவர் மட்டும் ஏன் சார் நெருப்பில் இறங்கணும்? நெருப்பிலிருந்து வந்தவர் ஏன் வேறு சாதிக்காரராக வரணும்?" அடுத்த பாடபேதம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. வருடா வருடம் இந்தப் பாடத்தை நடத்தும்போது என் குரல் இந்த இடத்தில் தடுமாறும்.

அடுத்து கண்ணகி. மெரினாவில் சிலை பார்த்திருப்பீர்கள். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தது. 2001 டிசம்பரில் எடுத்தார்கள். எடுத்தது ஏன் என்று ஊர் முழுக்க விதவிதமான பேச்சு. 2006இல் திரும்பவும் வைத்தார்கள். ஒரு காப்பியப் பாத்திரத்தின் சிலையை எடுத்ததற்கு ஒரு நகரம் அவ்வளவு கொந்தளித்தது என்றால், அந்தக் கதை வெறும் பழைய புத்தகமாக இருக்க முடியாது.

அரண்மனையில் கண்ணகி என்ன செய்தாள் என்பதைத்தான் நான் மாணவர்களை இரண்டு முறை வாசிக்கச் சொல்வேன். முதலில் அவள் ஒரு முன்தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறாள். தன் மகன் கன்றைத் தேர்க்காலில் கொன்றதற்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் ஊர் என் ஊர் என்கிறாள். அதன்பிறகு சான்று கொடுக்கிறாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். என் தேவியின் சிலம்பில் முத்து என்கிறான் அரசன். உடைத்துப் பார்க்கிறார்கள், மாணிக்கம் தெறிக்கிறது. முன்தீர்ப்பு, சான்று, தீர்ப்பு என்று ஒரு முழு வழக்கு அங்கே நடக்கிறது. அந்த மனுநீதிச் சோழன் சிலை இன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. கலெக்டர் ஊருக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர். இதே ஆராய்ச்சி மணிக் கதையை இலங்கையின் மகாவம்சம் எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. எதிரி நாட்டுப் பாலி நூலே ஒரு தமிழ் அரசனின் நீதியைப் புகழ்கிறது. நீதி என்றால் வாசலில் தொங்கும் மணி, யாரும் அடிக்கலாம், மாடுகூட அடிக்கலாம் என்ற நினைப்பை நம் மனதில் ஊன்றியது எந்தச் சட்டப் புத்தகமும் இல்லை, இந்தக் கதை.

ஆனால் அதே கண்ணகியைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்களைக் கற்பு என்ற கோலால் அளந்ததும் இந்தச் சமூகம்தான். "கண்ணகி பிறந்த மண்" என்று மேடையில் முழங்குபவர்கள் எந்தக் கண்ணகியைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். சிலம்பை உடைத்து வழக்கு ஜெயித்தவளையா, கோவலன் திரும்பி வரும்வரை பேசாமல் காத்திருந்தவளையா? கதையில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒருவரைத் தூக்கிப்பிடித்து மற்றவரை மறைக்கும்போது, மேடையில் பேசுபவர் தன்னைத்தான் காட்டுகிறார்.

ஆடி மாதம் வந்தால் இந்த ஊரில் புராணம் தெருவுக்கே வந்துவிடும். கூழ் ஊற்றுகிற கோயில் எதிலாவது நின்று ரேணுகாதேவி கதையைக் கேளுங்கள். கணவன் கட்டளையிட, மகன் பரசுராமன் தாயை வெட்ட வருகிறான். அவள் ஓடிப்போய் ஒரு சேரிப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறாள். இரண்டு தலையும் விழுகிறது. உயிர் கொடுக்கும்போது தலை மாறிவிடுகிறது. அந்த மாறிய உடலோடு ஊருக்குத் தாயாக நிற்பவள் மாரியம்மன் என்று வடதமிழகம் முழுக்கச் சொல்வார்கள். சாதி பிரித்துவைத்ததை ஒரே உடலில் ஒட்டிக் கும்பிடுகிற கதை இது. தனித்தனிக் கிணற்றில் தண்ணீர் எடுத்த மக்கள் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். அவர்கள் வாழ்க்கையில் நடக்காதது கதையில் நடந்திருக்கிறது.

அம்மை நோயை அம்மன் வந்ததாகச் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சுலபம். வாசலில் வேப்பிலை கட்டினால் வெளி ஆள் உள்ளே வரமாட்டார். வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்து இல்லை, படுத்திருப்பவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. நோயாளியை வெறுக்காமல் தனிமைப்படுத்த ஒரு சமூகம் கண்டுபிடித்த வழி அது. இதில் கெடுதலும் இருந்தது. அம்மனுக்குக் கோபம் வரும் என்று அம்மை குத்திக்கொள்ளப் பயந்தவர்கள் உண்டு. கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்துக் கொடுத்த காலத்திலும் அந்தப் பயம் இருந்தது. பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். நோய் போன பிறகும் கூழ் நிற்கவில்லை. அப்போதுதான் தெரிகிறது, அந்தச் சடங்கு வெயில் காலத்தில் ஊர் ஒன்றுகூடுவதற்கும் சேர்ந்து சாப்பிடுவதற்கும் சேர்த்துத்தான் இருந்திருக்கிறது.

மகாபாரதத்து அரவான் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களே விரித்துக்கொள்ளலாம். களப்பலியாகப் போகிறவனை மணக்க யாரும் முன்வராதபோது கண்ணன் மோகினியாகி மணந்த கதை. கூவாகத்தில் சித்திரையில் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் திருநங்கையருக்கு அந்தக் கதை ஓர் இடத்தைக் கொடுத்தது, அரவாணி என்ற பெயரையும் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2008இல் அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. அப்புறம் அவர்களே அந்தப் பெயரைத் தாண்டி வந்தார்கள். ஒரு நாள் தாலியும் மறுநாள் ஒப்பாரியுமாக முடிகிற பெயர் எங்களுக்கு எதற்கு என்று கேட்டு, திருநங்கை என்ற பெயரோடு நிமிர்ந்தார்கள். ஒரு கதை ஒதுங்க நிழல் கொடுத்தது, அந்த நிழலிலிருந்து வெளியே வரவும் ஒரு நாள் வந்தது.

சரி, தேவதைக் கதைக்கு வருவோம். இந்தச் சொல்லே நமக்குக் கொஞ்சம் பொருந்தாது. நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் இறக்கை வைத்த தேவதை அதிகம் வருவதில்லை. பூதம் வரும், வேதாளம் வரும், ஏழு கடல் தாண்டிக் கிளியின் உடம்பில் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதி வருவான். 1947 ஜூலையில் சென்னையில் பிறந்த அம்புலிமாமா இவற்றை அச்சில் ஏற்றி, பாட்டி இல்லாத வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. புராணம் பெரிய ஆட்களைப் பற்றிப் பேசும். சொல்கதை பேசுவது வீட்டுக்குள் அடைபட்டவர்களைப் பற்றி. மாமியார், சிற்றன்னை, கடைசி மகள், பசித்த பிள்ளை, இவர்கள்தான் அதன் மனிதர்கள்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சிற்றன்னையாக மாற்றிவிட்டார்கள். தாய் அப்படிச் செய்வாள் என்பதை நடுத்தர வர்க்க வீடுகள் பொறுத்துக்கொள்ளாது என்று பயந்திருக்கிறார்கள். அந்த ஒரு சின்ன மாற்றத்தால் உலகம் முழுக்கச் சிற்றன்னைமார் இருநூறு வருடமாகக் கெட்ட பெயர் சுமக்கிறார்கள்.

நம் பக்கத்தில் அந்த மாதிரி வெள்ளையடிக்காமல் நின்ற கதை நல்லதங்காள். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போட மறுக்கிறாள். பெற்ற பிள்ளைகளைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. இந்தக் கதைப்பாடல் சென்னை அச்சகங்களிலிருந்து 'பெரிய எழுத்து'ப் புத்தகமாகப் போய்த் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் படிக்கட்டும் என்றுதான் எழுத்தைப் பெரிதாகப் போட்டார்கள். என் அம்மா பாடக் கேட்டிருக்கிறேன். நாலாவது பிள்ளைக்கு மேல் அவரால் பாட முடியாது.

பஞ்சம் எங்கோ தெற்கே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் தினம் கடந்துபோகும் பக்கிங்காம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78இல் தாது வருடப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. ஒட்டிய வயிறோடு வந்த மக்கள் மண் சுமந்து கூலி வாங்கினார்கள். அந்தப் பஞ்சம் பற்றி அரசு எழுதிய அறிக்கைகளில் எத்தனை பவுண்டு தானியம், எத்தனை அணா கூலி என்ற கணக்கு இருக்கும். தன் பிள்ளைக்குச் சோறு கேட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும்போது ஒரு தாய்க்கு என்ன ஆகும் என்பது நல்லதங்காள் பாட்டில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். ஆய்வேட்டில் ஓர் இயலுக்குப் போதும்.

எனக்கு மிகப் பிடித்த சொல்கதை வேறு ஒன்று. ஒரு விதவைத் தாய், இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் அவளை நாள் முழுக்கத் திட்டுகிறார்கள். யாரிடமும் சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொள்கிறாள். வைக்க வைக்க உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி. ஒரு நாள் நடந்து நடந்து ஊர் எல்லையில் கூரை இல்லாத பாழடைந்த வீட்டுக்குப் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகள், அடுத்ததிடம் இளைய மகன், கடைசிச் சுவரிடம் இளைய மருமகள். நாலு சுவரும் விழுந்தபின் மனமும் உடம்பும் லேசாகி வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள்.

ராஜகுமாரன் வரவில்லை, மகன்கள் திருந்தவில்லை, மருமகள்களுக்குத் தண்டனை இல்லை. அவள் தன் கதையை வாய்விட்டுச் சொன்னாள், அது மட்டும்தான் நடந்தது. 'சுவருக்கும் காது உண்டு' என்று நாம் எச்சரிக்கையாகச் சொல்வோம். இந்தக் கதையில் அதே காது ஆறுதலாக இருக்கிறது. அண்ணா நகரிலும் அடையாற்றிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூன்று படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கும் தாய்மார் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அடுக்குமாடியில சுவர் எல்லாம் கான்கிரீட்" என்றார். அந்தப் பதிலும் ஒரு பாடபேதம்தான். அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

இனி டிஸ்டோபியா. வருங்காலம் கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு எழுதும் கதை. நமக்கு இது புதிதில்லை. கலியுகத்தில் என்னென்ன நடக்கும் என்று புராணங்கள் பட்டியலே போட்டன. மணிமேகலையில் இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொள்கிறது. கடமை தவறினால் ஊர் மூழ்கும் என்பதுதான் அதன் எச்சரிக்கை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழைய கதையில் தெய்வம் கோபித்து அழிக்கும். புதிய கதையில் மனிதன் செய்த ஏற்பாடே மனிதனை அழிக்கும், அதுவும் நல்லது செய்கிறேன் என்ற பெயரில்.

இதற்கு நேர் எதிரான கனவு ஒன்று இதே சென்னையில் அச்சேறியது பலருக்குத் தெரியாது. கமலா சத்தியநாதன் இங்கே நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில் 1905இல் ரொக்கையா என்ற வங்க முஸ்லிம் பெண் எழுதிய 'சுல்தானாவின் கனவு' வந்தது. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று பலூனை வைத்து மேகத்திலிருந்து நேராகத் தண்ணீரை இறக்கிக்கொள்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமித்து எதிரிப் படையை விரட்டுகிறது. பெண்களை அடைத்துவைப்பது எவ்வளவு அநியாயம் என்பதைக் கதையில் ஒரு பாத்திரம் நேராகவும் சொல்கிறது. ஆனால் அதைவிட அதிகம் பேசுவது, ஆணை உள்ளே வைத்துக் காட்டியதுதான். இப்படித் திருப்பிப்போட்டுக் காட்டுவதைத்தான் நல்ல டிஸ்டோபியாவும் செய்யும்.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டிய நாடு. ஜீவா என்று எல்லோரும் வாழ்த்தும் தலைவர் கடைசியில் வெறும் ஒளிப்பிம்பம். ஜீனோ என்ற இயந்திர நாயைத்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். எமர்ஜென்சியில் கட்டாயக் கருத்தடை நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. அண்ணா சாலையில் தலைவர்களின் கட்-அவுட்கள் கட்டடத்தைவிட உயரமாக நின்ற காலம். எழுத்தாளர் வருங்காலத்தைக் கணிக்கவில்லை, ஜன்னல் வழியாகத் தெரிந்ததைக் கொஞ்சம் நீட்டி எழுதினார்.

இத்தகைய கதை சமூகத்துக்குள் இறங்கி வேலை செய்ததற்கும் சாட்சி உண்டு. 2014இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் தாய்லாந்து இளைஞர்கள் தெருவில் மூன்று விரலை உயர்த்தி நின்றார்கள். அந்தச் சைகை 'ஹங்கர் கேம்ஸ்' என்ற டிஸ்டோபியாக் கதையிலிருந்து வந்தது. 2021இல் மியான்மரிலும் அதே மூன்று விரல். கோஷம் போட்டால் பிடித்துப்போவார்கள் என்ற இடத்தில் ஒரு கதை அவர்களுக்குச் சைகை மொழியைக் கொடுத்தது.

ஆனால் இந்த வகையில் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. யாருக்கு இது வருங்காலம்? 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது எங்கள் தெருவில் நாலு நாள் மின்சாரம் இல்லை, போன் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் வதந்தி. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒன்று. ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையே மறுத்தது. தண்ணீர் ஏன் திடீரென்று வந்தது என்று யாரும் விளக்காத இடத்தில் முதலை வந்து உட்கார்ந்துகொண்டது. தொன்மம் பிறப்பதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். நாலு வருடம் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர். மூழ்கின ஊரிலேயே குடத்தோடு வரிசை. இதை ஒரு நாவலில் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம். வசதி உள்ளவர் டிஸ்டோபியாவைப் புத்தகத்தில் படிக்கிறார். ஆற்றோரக் குடிசையில் இருந்தவருக்கு அது போன செவ்வாய்க்கிழமை நடந்தது.

அந்த ஆற்றோரத்துக் குடும்பங்கள் பலவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகர். ஆமாம், அவள் பெயர்தான். உங்கள் ஆய்வுக்கு எங்கே போவது என்று கேட்டீர்களே, அங்கே போங்கள். அங்கே ஒரு மாலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்ப் பெயரின் கதையையே சொன்னேன். மாணிக்கம் தெறித்தது, அரசன் சரிந்தான், கண்ணகி மதுரைக்குத் தீ வைக்கப் போகிறாள் என்பதுவரை சொல்லி நிறுத்தினேன். காப்பியத்தில் அவள் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியவர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடும்படி தீக்கடவுளுக்குச் சொல்வாள். அதைச் சொல்லாமல், "நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணகி என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டேன்.

பின்னால் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பெண் கை தூக்கினாள்.

"ஒவ்வொரு வீடா போய்க் கதவத் தட்டுவா சார். ரேஷன் கார்டு, ஆதாரு, ஸ்கூல் பை எல்லாத்தையும் மொதல்ல வெளிய எடுத்து வெச்சிக்கோங்கன்னு சொல்லுவா. எடுத்துட்டாங்களான்னு பார்த்துட்டுதான் சார் வைப்பா."